இறங்குமிடம்

ஜெஸ்கஸ்கானில் இன்று மைனஸ் இருபத்தேழு.
அரங்கில் பதினொரு பேர்.
ஹீட்டரை ஒட்டிய நாற்காலிகளுக்கு மட்டும் போட்டி.
ஒரின்பசார் தொப்பியைக் கழற்றவில்லை.
விண்வெளிப் படம் என்று நான்தான் இழுத்து வந்தேன்.
"நான் பார்க்காத விண்வெளியா" என்றார்.

பார்த்ததே இல்லை அவர்.
அங்கிருந்து விழுவதைத்தான் பார்த்திருக்கிறார்,
பத்தொன்பது வருடம், மீட்பு வண்டியின் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி
பாராசூட் எங்கே எங்கே என்று
கண் பூத்துப்போக.

படத்தில் ஒரு பெண்.
அவளுக்கு ஓராண்டு, பூமிக்கு இருநூறு.
இந்தக் கணக்கை இரண்டே நிமிடத்தில் சொல்லிவிட்டார்கள்.
பின்வரிசையில் யாரோ
இன்னும் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தார்.

கலம் இறங்குகிறது.
எங்கள் புல்வெளியேதான்,
ஆனால் காற்றை யாரோ துடைத்து எடுத்திருந்தார்கள்.
கதவைத் தானே திறக்கிறாள்,
தானே எழுகிறாள், நடக்கிறாள்,
தலைமுடிகூடக் கலையவில்லை.

"நிக்கவே முடியாது!"
எஞ்சின் சத்தத்துக்கு மேல் கத்திப் பழகிய குரல்.
"தூக்க மூணு பேர் வேணும்.
பிறந்த கன்னுக்குட்டி மாதிரி கழுத்து தொங்கும்.
முதல்ல வாந்திக்குப் பை,
அப்புறம்தான் பூங்கொத்து."
அரங்கம் சிரித்தது. நானும்.

மூன்று பகல் நடந்து ஓர் ஊரை அடைகிறாள்.
பேசுகிறாள், பேசிக்கொண்டே இருக்கிறாள்.
ஊரார் அவள் வாயைப் பார்க்கிறார்கள்,
ஜன்னலுக்கு வெளியே பெய்யும் மழையைப் போல.
ஒரு சிறுவன் தண்ணீர் தருகிறான்.
நன்றி என்கிறாள்.
அதுதான் அவள் பெயர் என்று நினைத்துக்கொள்கிறான்.
அதன்பின் ஊரே அவளை அப்படித்தான் கூப்பிடுகிறது.
கடைசிக் காட்சியில், யாரோ கூப்பிட,
திரும்பியும் பார்த்துவிடுகிறாள்.

விளக்கு போட்டார்கள்.
யாரும் எழவில்லை.
குளிர் காரணமாகவும் இருக்கலாம்.

கோட்டு வாங்கும் வரிசையில்
உருக்காலை ஆய்வகத்து ஜிபெக் கேட்டாள்:
"அவ மொழியைப் பேச அவ ஒருத்திதான்.
அப்போ அது மொழியா, இருமலா?"
தாஸ்தான், கல்லூரிப் பையன், சொன்னான்:
"இருநூறு வருஷம் கழிச்சு அவளை யார் தேடுவா?
எதுக்குத் தேடணும்?"

ஒரின்பசாரின் காது சிவந்தது.
"பட்டியல் போட்டிருப்பாங்கடா.
இறங்குற தேதி தெரியும்ல?
யார் வண்டி, யார் டாக்டர், யார் கையில போர்வை,
எல்லாம் எழுதி வச்சிருப்பாங்க.
ஒருத்தன் செத்தா அடுத்தவன் பேரு.
அவனும் செத்தா அதுக்கடுத்தவன்.
ஒத்த வண்டிகூட வரலைன்னு காட்டுறான் பாரு,
படத்துல பொய் அது ஒண்ணுதான்."

பையனிடம் பதில் இல்லை.
இருந்திருந்தாலும்
அந்தக் குரலுக்குமுன் சொல்லியிருக்க மாட்டான்.

வீட்டுக்கு நடந்தோம்.
காலடியில் பனி கற்கண்டாய் நொறுங்கியது.
இறங்கும் நாளுக்கு இரண்டு இரவு முன்பே
புல்வெளிக்குப் போய்விடுவார்.
வானத்திலிருந்து வந்தவர்களைப் போர்த்திவிட்டு
கருகிய வாடையோடு வருவார்.
வருகிற இவரைப் போர்த்த
எந்தப் பட்டியலில் யார் பெயர் எழுதினார்கள்?
சூப்பை நாலு தரம் சூடாக்கிய இரவுகள் உண்டு.
ஒருமுறை கோபத்தில் நாய்க்கு ஊற்றினேன்.
அதையெல்லாம் இந்த மனிதரிடம் கேட்டதில்லை,
இன்றும் கேட்கவில்லை.
இருநூறு வருடம் என்றதும்
ஏனோ சொந்தக் கணக்கு ஓடியது, அவ்வளவுதான்.

உறைந்த பூட்டை மூச்சுவிட்டு இளக்கினார்.
தொப்பியோடே தேநீர் போட்டார்.
கிண்ணத்தில் பாதிக்கும் குறைவாக ஊற்றி நீட்டினார்.
எங்கள் வழக்கம் அது.
நிரப்பிக் கொடுத்தால் கிளம்பு என்று பொருள்.

நன்றி என்றேன்.
முப்பத்தொரு வருடத்தில்
எங்களுக்குள் புழங்காத சொல்.

கெட்டிலை வைக்கப் போனவர்
நின்று, திரும்பி,
"என்ன?" என்றார்,
நான் கூப்பிட்டதுபோல.