குனியாத நாட்கள்

வருகைப் பதிவு இயந்திரம்
'முகம் பொருந்தவில்லை' என்றது.
மாஸ்க்கைக் கழற்றினேன்.
பொருந்தவில்லை.
இடது கன்னம் காட்டி, வலது கன்னம் காட்டி,
பின்னால் வரிசை முணுமுணுக்க
மேலாளர் ஒரு பழைய நோட்டை எடுத்து
பேனாவால் எழுதினார்:
ஜுலைஹா, மூன்றாம் கவுண்டர், 7.48.

ரூவியில் பணம் அனுப்பும் கடை.
ஆறு வருடமாக அடுத்தவர் சம்பளத்தை எண்ணி
அடுத்தவர் ஊருக்கு அனுப்புகிறேன்.
பதினொரு மாதம் மட்டும்
என் முகத்துக்கு நானே அனுப்பினேன்.

மடித்த தாளில் டாக்டர் தந்த சட்டங்கள்:
குனியாதே.
சிந்தாதே.
தும்மல் வந்தால் வாயைத் திற.
இரண்டு தலையணை.
மூக்கின் மேல் கண்ணாடி
ஆறு வாரம் உட்காரக் கூடாது.
கடைசியில் நர்ஸ் மரிசெல் தன் கையெழுத்தில் சேர்த்தது:
ரொம்பச் சிரிக்காதே.

தினமும் காலையில் ஜெசிந்தா
என் கண்ணாடியை நெற்றியோடு டேப் போட்டு ஒட்டுகிறாள்.
பதினோரு மணிக்கு வேர்த்து ஒரு பக்கம் உரியும்.
ஒற்றைக் கையால் பிடித்துக்கொண்டு
பைசா எண்ணுவேன்.

நூறு பைசா ஒன்று தரையில் உருண்டது.
எல்லோரும் குனிகிற இடத்தில்
முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து எழுந்தேன்,
நிறைகுடம் தூக்குகிறவள் மாதிரி.
பஸ்ஸில்தான் பயம்.
மஸ்கட்டின் முழங்கைகள் எல்லாம்
என் மூக்கைத் தேடியே வருகின்றன.

'முழி நல்லா இருக்கு' என்று சொல்லி
அத்தோடு நிறுத்திக்கொண்டு
வட்டலப்பத்தைச் சாப்பிட்டுப் போனவர்கள்
மூன்று வீட்டார்.
அவர்களுக்காகச் செய்யவில்லை.
அவர்களுக்காக இல்லை என்று
எத்தனை முறை சொல்லிக்கொள்கிறேன் என்பதை
எண்ணாமல் விட்டுவிட்டேன்.

இருபதாம் நாள் கண்ணடி மஞ்சளும் வெளுத்தது.
மாஸ்க் இல்லாமல் உட்கார்ந்தேன்.
'ஏன்' என்று கேட்பவர்களுக்கு
ஐந்து பதில் தயார்.
கொத்தனார் இருளப்பன்
கண்ணாடித் தடுப்புக்கு அந்தப்பக்கம்
உற்றுப் பார்த்தார்.
வயிறு கலங்கியது.
'லீவுக்கு ஊருக்குப் போனீகளா?
மெலிஞ்சிருக்கீகளே' என்றார்.
அவ்வளவுதான்.
ஐந்து பதிலும் அப்படியே இருக்கின்றன,
எடுக்க ஆள் வராத பணம் போல.

பிரியாணி அதுவரை வெறும் சூடு.
சாம்பிராணிக் கடையைத் தாண்டினாலும்
வெறும் புகை.
ஒரு வியாழக்கிழமை
மத்ரா மீன்காரர் நீட்டிய நோட்டுக்கட்டை
ரப்பர் பேண்ட் கழற்றிப் பிரித்தபோது
ஈரமும் செதிலும் வேர்வையும் கலந்து ஒரு வாடை
உள்ளே ஏறியது.
இரண்டு முறை எண்ணினேன்.
கணக்கு முதல் முறையே சரியாகத்தான் இருந்தது.

'குரலு மூக்கால வருதே, சளியா?'
'ஆமா உம்மா.'
'மூஞ்சியக் காட்டேன்.'
'நெட் சரியில்ல உம்மா.'
வாப்பாவின் மூக்கு அது.
வாப்பா இறந்த வருடம்
பாஸ்போர்ட்டுக்கு எடுத்த படத்தில் இருக்கிறது.
நான் இன்னும் புதுப்பிக்கவில்லை.

நாற்காலியில் தொழுத நாட்கள்
நாற்பத்திரண்டு.
முட்டி தேய்ந்தவர்கள் போல
தலையை மட்டும் கொஞ்சம் சாய்த்து.

இன்று வெள்ளி.
ஜெசிந்தா சர்ச்சுக்குப் போய்விட்டாள்.
நாற்காலியைச் சுவரோரம் தள்ளினேன்.
விரிப்பில் நெற்றி முதலில் போய்ச் சேர்ந்தது.
மூக்கு ஒரு விரற்கடை உயரத்தில்
தயங்கி நின்றது.
பிறகு இறக்கினேன்,
தூங்குகிற குழந்தையைக் கிடத்துகிற மாதிரி.

நுனி இன்னும் மரத்திருக்கிறது.
தொட்டதா இல்லையா, தெரியவில்லை.
தெரியாததால்
கொஞ்சம் கூடுதலாகவே அப்படி இருந்தேன்.

கட்டில் மேல் போன் அதிர ஆரம்பித்தது.
இந்த நேரம் உம்மாதான்.
வீடியோவாக இருக்கும்.