ஆறு அங்குலம்

இரவு பத்தேகாலுக்கு
இங்கினியாகலையிலிருந்து விமலசூரிய பேசினார்.
"மிஸ், நாளைக்கு வெள்ளன கதவு தொறக்கிற.
அஞ்சு கதவு. ஆறு அங்குலம்."
அவருடைய தமிழில் வினைச்சொற்கள்
காலம் தெரியாமல் நிற்கும்.
எண்கள் மட்டும் பிசகாது.

ஆறு அங்குலம்:
பிறந்த பிள்ளையின் இரண்டு பாதங்களை
ஒன்றன்பின் ஒன்றாக வைத்தால் வருகிற நீளம்.
மருத்துவிச்சி நான், வேறெப்படி அளப்பேன்?
அந்த இடுக்கால் நுழைந்து
சம்மாந்துறை வயலெல்லாம் ஏறி இறங்கி
கிட்டங்கித் தாம்போதிக்கு வரும்போது
அதற்கு இடுப்பளவு உயரம்.

கல்லோயா என்பார் அவர்.
எங்கள் பக்கம் பட்டிப்பளை ஆறு.
ஆறு எண்ணா, நீரா என்று
மாரியில் யாரும் கேட்பதில்லை.

பதினொன்றுக்குக் கரண்ட் போனது.
எங்கோ மரம் விழுந்து கம்பி அறுந்திருக்கும்.
அதே அணையிலிருந்துதான் இரண்டும் வருகின்றன என்று
பள்ளிக்கூடத்தில் படம் கீறிப் படித்தோம்.
வெளிச்சம் வரக் கம்பி வேண்டும்.
தண்ணீருக்கு வேண்டாம்.

பிரிஜ்ஜைத் திறக்காமல் விடியும்வரை காவல் இருந்தேன்.
பிறகு தடுப்பூசிகளை ஐஸ் பெட்டிக்கு மாற்றி
ஆதம்பாவாவின் உழவு மெசினில் ஏறினேன்.
பெட்டியில் இரண்டு ரீச்சர்மார், ஒரு கேஸ் சிலிண்டர்,
கால் கட்டிய ஆடு,
யாருடையதோ கல்யாணக் கேக்.

போன வருடக் கூட்டத்தில் ஒரு பொறியியலாளர் சொன்னார்:
"அணை இல்லாவிட்டால் உங்கள் ஊரில்
கூரை மட்டும்தான் தெரியும்."
உண்மையாக இருக்கலாம். நான் மறுத்துப் பேசவில்லை.
ஆனால் எங்கள் கிளினிக் சுவரில்
வந்த வெள்ளத்துக்குத்தான் கோடு இருக்கிறது.
வராத வெள்ளத்துக்கு
எந்த உயரத்தில் கோடு கீறுவது?

தாம்போதி நடுவில் ஆதம்பாவா வேகம் குறைத்தார்.
"மண் நிறமெண்டா மழைத் தண்ணி மிஸ்,
இது பச்சை. குளத்துத் தண்ணி.
இன்னும் ஏறும்."
ஆடு கேக்கை மணந்தது.
ஒரு ரீச்சர் கண்ணை மூடிக்கொண்டா.
என் மடியில் வெப்பமானி ஏழு காட்டியது.
எட்டைத் தாண்டினால் எல்லாம் வீண்.
சில்லின் அச்சுவரை தண்ணீர்,
எட்டுவரை சூடு;
இரண்டு ஏற்றத்துக்கும் நடுவில்
மெசின் இருமி இருமிப் போனது.

அக்கரையில் குடைகளின் கீழ் பதினொரு தாய்மார்.
பன்னிரண்டாவது, தவப்பிரியா,
வாழைத்தண்டுத் தெப்பத்தில் வந்தாள்,
பிள்ளையைச் சட்டியில் வைத்து.
இரண்டு மாதக் குழந்தை.
ஊசி ஏறியதும் அது வீரிட்ட வீரிடலில்
சட்டி அதிர்ந்தது.
ஏழரை.
முடிந்தது.

பின்னேரம் போன் அடித்தது.
"மிஸ், தண்ணி வந்ததா?"
வந்தது.
"கரண்ட்?"
இன்னும் இல்லை.
கொஞ்சநேரம் மழைச் சத்தம் மட்டும்,
அவர் பக்கத்து மழையா, என் பக்கத்து மழையா தெரியவில்லை.
"இங்கயும் இல்ல மிஸ்.
கதவு கையால சுத்துற.
நான் மெழுகுதிரி."

சிரித்துவிட்டேன்.
அவரும் சிரித்தார் என்று நினைக்கிறேன்.
பிறகு சொன்னார்:
"நாளைக்கு நாலு அங்குலம்."