இரண்டு நிமிடம் ஐம்பது வினாடி

மூன்று நிமிடம் சும்மா நின்றால்
எஞ்சின் தானே அணைய வேண்டும்.
எழுதியது நான்தான்.
பாயான் லெப்பாஸில், நான்காம் மாடியில்,
ஜன்னல் திறக்காத அறையில்,
எட்டு வரி. ஒன்றுகூட வீணில்லை.

அட்டவணையை உங்களுக்கு எப்படிச் சொல்வது?
குறுக்கே சுழல்வேகம், நெடுக்கே சுமை,
கட்டத்துக்குக் கட்டம் டீசல், மில்லிகிராம் கணக்கில்.
கை கூடினால் கரும்புகை,
குறைந்தால் வண்டி திக்கும்.
இருநூற்று ஐம்பத்தாறு கட்டங்கள்.
இரண்டு வருடமாய்
எனக்கு வருவதெல்லாம் கட்டம் போட்ட கனவு.

நாற்பது பேக்டரி பஸ்களில் ஏற்றினோம்.
முப்பத்தொன்பது கீழ்ப்படிந்தன.
இருபத்தாறாம் நம்பர் மட்டும்
காலை ஆறு நாற்பதுக்கு வந்து நின்று
ஏழரை வரை உறுமிக்கொண்டிருந்தது.

பதிவைத் திறந்தேன்.
தட்டைக் கோடு, தட்டைக் கோடு,
இரண்டு நிமிடம் ஐம்பதாவது வினாடியில்
ஒரு சின்ன முள்.
யாரோ ஆக்சிலேட்டரைத் தொட்டிருக்கிறார்கள்.
மறுபடி தட்டை. மறுபடி முள்.
ஒவ்வொரு முள்ளுக்கும் என் கடிகாரம்
பூஜ்யத்திலிருந்து எண்ணத் தொடங்குகிறது
முட்டாள்போல,
ஒரே காலையில் பதினேழு தடவை.

கோபம் வந்தது. உண்மையைச் சொன்னால்
கொஞ்சம் மரியாதையும்.
பத்து வினாடி மிச்சம் வைத்து மிதிப்பவர்
கணக்குத் தெரிந்தவர்.

செவ்வாய்க்கிழமை நேரில் போனேன்.
ஓட்டுநர் மாசிலாமணி. கழுத்தில் துண்டு.
பையில் கட்டிய தே ஓ பக்கக் கண்ணாடியில் தொங்க,
என்னைப் பார்த்ததும் "உஷ்" என்றார்.

உள்ளே முப்பத்தொரு பெண்கள்.
பன்னிரண்டு மணி நேரம்
நுண்ணோக்கியில் கண் வைத்தவர்கள்.
பாலம் தாண்டி கூலிம் போக வேண்டும்,
கடைசி லைன் இறங்கும்வரை பஸ் நகராது.
வாய் திறந்தும், அடுத்தவள் தோளில் சரிந்தும்,
ஒருத்தி செருப்பை மடியில் வைத்துக்கொண்டும்
தூங்கினார்கள்.
"ஏர்கான் நின்னா எழுந்திருவாங்க தங்கச்சி.
இந்தப் பெட்டிக்கு அது தெரியல."
என் பெட்டியைத்தான் சொன்னார்,
அடுத்த வீட்டுப் பிள்ளையைக் குறை சொல்வதுபோல,
மெதுவாக.

பஸ்ஸுக்குப் பின்னால் காவல் கொட்டகை.
நேப்பாளக்காரர் ஒருவர் மூக்கைப் பொத்தியபடி
கேட்டைத் திறந்தார், மூடினார்.
அந்த எட்டு வரி யாருக்காக என்று
அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

எட்டு, பத்தொன்பது ஆயிற்று.
கதவு மூடி, உள்ளே இருபத்தேழு டிகிரி தாண்டினால் அணைக்காதே.
சுழல்வேகத்தை அறுநூற்றிருபதுக்கு இறக்கு.
கம்ப்ரசரை விட்டுவிட்டு ஓட்டு.
அழகு போய்விட்டது. மேலாளர் உதட்டைப் பிதுக்கினார்.
காலைக்கு ஒரு லிட்டர் மிச்சம்.
நான் வாக்குக் கொடுத்தது இரண்டு.
மீதி ஒன்று
அந்தக் கொட்டகைக்கு நான் பட்ட கடன்.

இப்போது மிதிக்கத் தேவையே இல்லை.
ஆனாலும் போன வாரப் பதிவில்
ஒரே ஒரு முள்,
சரியாக இரண்டு ஐம்பதில்.
பழக்கமா, என்னை இன்னும் நம்பவில்லையா, தெரியாது.
பிழை என்று குறிக்காமல் விட்டேன்.