பிழை திருத்தம்

சிம்மக்கல்லில் எனக்கு ஃப்ளெக்ஸ் கடை.
‘கல்வி வள்ளலே வருக’ என்பதில் ஒருமுறை
ஒரே ஒரு புள்ளி விழாமல் போக
காளவாசல் திருப்பத்தில் ராத்திரி முழுக்கக்
கலவி வள்ளல் கும்பிட்டபடி நின்றார்.
விடிந்ததும் வந்து என் ஷட்டரை வளைத்துவிட்டார்கள்.

அன்றிலிருந்து புள்ளியென்றால் பயம்.

பெரியாஸ்பத்திரியில் டாக்டரம்மா
காகிதத்தில் நாலு எழுத்தை எழுதி,
உடம்பின் நெடுங்கணக்கே இவ்வளவுதான்,
இதில் ஓரிடத்தில் ஒன்று மாறிவிட்டது என்றார்.
இருநூற்று நாற்பத்தேழை மேய்க்கிறவன்
நாலில் கோட்டைவிட்டேன்.

அக்கா மகளைத்தான் கட்டியிருக்கிறேன்.
வாடிப்பட்டி வயல் வெளியே போகக் கூடாதென்று பேசி முடித்தார்கள்.
போகவில்லை.
பிழையும் போகவில்லை.
அவளிடம் ஒரு பிரதி, என்னிடம் ஒரு பிரதி,
இரண்டும் சேர்ந்தது மங்கையர்க்கரசிக்கு.

மூன்று வாரத்துக்கொரு பை, யாரோ ஒருவரின் ரத்தம்.
ஒன்பது வருஷம்.
அத்தனை பேரின் இரும்பும் அவள் ஈரலில் தங்கியது.

தம்பி இருளப்பன் பொருந்தினான். ஆறு வயசு.
இடுப்பெலும்பில் ஊசி இறக்கி எடுத்தார்கள்,
இன்னும் எதுவாகவும் ஆகிவிடாத குருத்தணுக்களை.
வலிச்சுதாடா என்றால்
பரோட்டா வாங்கித் தருவியா என்கிறான்.
அவனிடமும் ஒரு பிரதியில் பிழை உண்டு.
மற்றது போதுமாம்.

தொங்கிய பை சின்னது,
தக்காளிச் சட்னி பார்சல் மாதிரி.
கழுத்துக் குழாய் வழியே இறங்கியவை
யாரிடமும் கேட்காமல் எலும்புக்குப் போய்ச் சேருமாம்,
மாட்டுத்தாவணியில் நடுச்சாமம் முதல்முறை இறங்கியவன்
நேரே வீட்டுக் கதவைத் தட்டுவது போல.

பதினேழு நாள் ஒன்றுமில்லை.
பதினெட்டாம் நாள் வெள்ளணு எழுநூறு.
‘பிழைச்சுக்குவா’ என்றாள் நர்ஸ் செலின்.
அந்தச் சொல்லுக்குத் திடுக்கிட்டேன். தொழில் புத்தி.

ஒரு வருஷம் கழித்து
பள்ளிக்கூட அடையாள அட்டை, நானே அடிக்கிறேன்.
பெயர் அதே. முகம் கொஞ்சம் உப்பியிருக்கிறது.
ரத்த வகையில் ஏ-வை அழித்து பி போட்டேன்.
கன்னத்துத் தோலில் அவள், ரத்தத்தில் அவன்.
ரிப்போர்ட்டில் ஆண் அணுக்கள் என்று வேறு இருக்கிறது.
‘உனக்குள்ள ஓடுறது நாந்தான்’ என்று இவன் மிரட்ட
‘அப்ப வீட்டுப்பாடத்தையும் நீயே எழுது’ என்கிறாள்.

பாசிட்டிவ்.
ட் மேல் ஒன்று, வ் மேல் ஒன்று.
நானூறு சதவீதம் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு
பிரிண்ட் கொடுத்தேன்.