பதினேழாம் டாங்கி காலி

மாஹுலில் இரவு இரண்டு மணி.
கைப்பேசி, தீப்பெட்டி, நைலான் சட்டை
எல்லாவற்றையும் கேட்டிலேயே வாங்கி வைத்துக்கொள்ளும்
செக்யூரிட்டி காம்ப்ளே
என் பெயரை மட்டும் சரியாக எழுதியதில்லை.
பொற்கொடி, பர்மிட் பிரிவு.
அவன் நோட்டில் நான் போர்கோடி.

பதினேழு காலி என்றார்கள்.
நாஃப்தா போய் மூன்று நாளாகிறது,
நீராவி அடித்தாயிற்று,
மேன்ஹோலில் ஊதுவிசிறி ஓடுகிறது,
அடித்தட்டில் ஒரு ஒட்டு, ஒரு மணி நேர வேலை.
வெல்டர் சுக்தேவ் மாஞ்சி
கேபிளைச் சுருட்டி மடியில் வைத்துக் காத்திருந்தான்.

நிரம்பிய டாங்கிக்கு எல்லோரும் பயப்படுவார்கள்.
காலிதான் பொல்லாதது.
சண்டை போட்டவன் எழுந்து போன பிறகும்
அறையில் நிற்குமே ஒரு கோபம்,
அப்படி நிற்கும் ஆவி.
நூறு பங்கு காற்றுக்கு ஒரு பங்கு இருந்தால் போதும்.
அப்புறம் ஒரு பொறி.
பொறிக்குக் காரணம்கூட வேண்டாம்.
கைநழுவிய சுத்தியல்,
வேகமாய் ஓடும் எண்ணெய் குழாயை உரசி உரசிச் சேர்த்த மின்சாரம்,
எர்த் கவ்வியின் பல்லுக்கும் இரும்புக்கும் நடுவே
யாரோ அழகுக்கு அடித்த பச்சை பெயிண்ட்.

மீட்டர் மூச்சிழுத்தது.
மேலே பூஜ்யம்.
நடுவில் பூஜ்யம்.
கனத்த ஆவி தரையோடுதான் படுத்திருக்கும்,
குழாயை இன்னும் இறக்கினேன்.
பதினான்கு.

"நூற்றுக்குப் பதினான்குதானே?" என்றான்
காண்ட்ராக்டர் கோலப்,
பெயிலான மகனின் மார்க்கை
மாமியாரிடம் சொல்பவன் போல.
கப்பல் நிற்கிறது, ஜெட்டி வாடகை ஏறுகிறது,
மேலே பேசியாயிற்று,
மேடம், ஒரே ஒரு கையெழுத்து.

பேனாவை மூடினேன்.
வீரம் ஒன்றுமில்லை.
மூடி டிக் என்றது, அவ்வளவுதான்.
"மறுபடி கழுவுங்க. ஆறு மணிக்குப் பார்க்கலாம்."
கோலப் மராத்தியில் சொன்ன வார்த்தை
எனக்குப் புரியாதென்று நினைத்திருப்பான்.
நான் செம்பூரில் பிறந்தவள்.

படிவத்தில் ஒரு கட்டம் உண்டு:
நிகழ்வுகள்.
ஏதுமில்லை என்று எழுதினேன்.
பதினொரு வருடமாக அதைத்தான் எழுதுகிறேன்,
சம்பளமும் அதற்குத்தான்.
வெடிக்காத டாங்கிக்கு யார் மாலை போடுவார்கள்?

சேற்றுப் பக்கம், இருட்டில்,
பூநாரைகள் கரகரத்துக்கொண்டிருந்தன.
சுக்தேவ் கறுப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினான்.
உள்ளே போயிருக்க வேண்டியவன் அவன்.
நன்றி சொல்வான் என்று
ஒரு நொடி நினைத்தேன், பொய் சொல்வானேன்.
அவன் கேட்டது வேறு:
"இன்னைக்கு ராத்திரிக் கூலியை வெட்டிடுவாங்களா?"

அதை அளக்க என்னிடம் குழாய் இல்லை.
கோலப்பிடம் பேசுகிறேன் என்றேன்.
அவன் தலையாட்டிவிட்டு
கையுறைகளை மடித்துத் தலைக்கு வைத்துக்கொண்டு
பவுண்டுச் சுவரோரம் படுத்தான்.
எழுப்பி, கேட்டுக்கு அந்தப் பக்கம் படுக்கச் சொன்னேன்.
அதற்கும் முறைத்தான்.

ஆறு மணிக்கு மூன்று.
விசிறி ஓடட்டும்.