தன்மை ஒருமை

புதுவயல் அரிசி ஆலையில் எடைமேடை என்னுடையது,
அதாவது காலை ஆறிலிருந்து மதியம் இரண்டுவரை.
இரண்டு லாரிகளுக்கு நடுவே ஒரு அத்தியாயம்.
நூலகப் புத்தகம். கடைசியாக யாரோ எடுத்தது
தொண்ணூற்றெட்டு ஜூலையில்; அதற்குக் கீழே தேதிச்சீட்டு காலி.
தவிடு பறந்து வந்து
போர்க்களத்தின் மேல் எப்போதும் ஒரு மங்கல்.
ஊதிவிட்டுப் படிக்கிறேன்.

கதை சொல்பவனுக்குப் பத்தொன்பது வயது.
நாற்பதாம் பக்கம்வரை பெயரில்லை, அதற்குப் பிறகும் இல்லை.
நான் என்கிறான், அவ்வளவுதான்.
அந்த நானைப் படிக்க
என் வாயைத்தான் கொடுக்க வேண்டியிருக்கிறது.
நடந்தேன். பதுங்கினேன்.
பூட்ஸைக் கழற்றினால் திரும்ப மாட்ட முடியாதென்று
மூன்று நாள் அதோடே தூங்கினேன்.
செத்தவன் பையிலிருந்து ரொட்டியை எடுத்தேன்.
சூடாக இருந்தது.
வெயிலால் என்று சொல்லிக்கொண்டேன்.

நெல் லாரி. நிறை எடை பதினாறாயிரத்து நானூறு.
இறக்கிவிட்டு வந்தது, ஆறாயிரத்து இருநூறு.
கழித்து எழுதினேன்.
இந்த எழுதினேன் மட்டும் என்னுடையது.

முதன்முதலாக ஒருவனைக் கொல்லும் இடத்தில்
பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரே சொல்,
தனி வரியில்:
சுட்டேன்.

அன்று இரவு அடுப்படியில் நானும்.
பதினோரு தோசை, தம்பிக்கு மட்டும் ஆறு.
கூடத்திலிருந்து அம்மா, "எத்தனைடி சுட்ட?"
கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன்.
கல்முன் நிற்பவளா குழியில் கிடப்பவனா,
அந்த விகுதிக்கு ஒன்றுதான்.
பத்தாம் வகுப்பில் பிரித்து எழுதியிருக்கிறேன்:
சுடு, ஒற்று இரட்டித்து இறந்தகாலம் காட்டியது;
ஏன், தன்மை ஒருமை வினைமுற்று விகுதி.
முழு மதிப்பெண்.
நடந்தேன், எடுத்தேன், சுட்டேன்,
எல்லாவற்றின் வாலிலும் அவன் கேட்டுக்கொண்டே வந்திருக்கிறான்.
தோசை தீய்ந்தது.

தம்பி சேவுகன் விடிகாலை நாலரைக்கு
கண்டனூர் ரோட்டில் ஓடுகிறான்.
ஆயிரத்து அறுநூறு மீட்டர், ஐந்தரை நிமிடம்;
இன்னும் பதினோரு வினாடி குறைய வேண்டும்.
மார்பு எழுபத்தேழு, விரித்தால் எண்பத்திரண்டு கேட்கிறார்கள்.
இன்ச்டேப் என் கையில்.
மூச்சை இழுத்துக்கொண்டு நிற்பான்,
விலா ஒவ்வொன்றும் தெரியும்.
எண்பத்தொன்றரை என்பேன். கெட்ட வார்த்தை சொல்லி விடுவான்.
ஆள்சேர்ப்புக்கு இருபத்திமூன்று நாள்.

புத்தகத்தை நான் ஒளிக்கவில்லை.
அவன் கண்ணில் படட்டும் என்று வைக்கவும் இல்லை.
டிவி பக்கத்தில் கிடந்தது.
நடுவில் ஒரு பக்கம் புரட்டி,
"இவனுக்கு ரன்னிங் டைமிங் போட்டிருக்காக்கா?" என்றான்.

இன்று சாப்பாட்டுத் தூக்கோடு ஆலைக்கு வந்தவன்
எடைமேடை நடுவில் போய் நின்றான்.
லாரிக்கான மேடை, இருபது இருபதாகத்தான் நகரும்.
அறுபது.
"அறுபதா?"
"ஐம்பத்தெட்டும் இதுக்கு அறுபதுதான்."
குதித்துப் பார்த்தான். எண்பது. அறுபது.
கண்ணாடிக்கு இந்தப்பக்கம் என் மடியில் புத்தகத்தைப் பார்த்தான்.
"கடைசில பொழைக்கிறானா?"
"கதை சொல்றதே அவன்தானேடா."
"அப்பப் பொழைச்சுட்டான்."
திருப்தியாகச் சிரித்தான்.
எனக்கு இன்னும் ஒன்பது பக்கம் பாக்கி.
படித்து முடித்தவள் போலச் சொல்லிவிட்டேன்.

அவன் இறங்கிக் கேட்டைத் தாண்டி,
கருவேல நிழலில் ஷூ கயிற்றை இறுக்கிக்கொண்டு போனான்.
திரையில் இருபது நின்றது.
சக்கரங்கள் விட்டுப்போன செம்மண்ணாக இருக்கும்.
நேற்று மழை.
சுழியாக்க ஒரு பொத்தான் உண்டு, சிவப்பு,
விரலுக்குக் கீழேதான்.
அடுத்த லாரிக்காரர் ஹாரன் அடிக்கிறார்.
அடிக்கட்டும்.