அறுபத்தாறு கிலோ

சண்டைக்கு இன்னும் ஆறு நாள்.
வீட்டில் உப்பு இல்லை.
போத்தலை அலுமாரியின் மேல்தட்டில் ஏற்றிவிட்டேன்.
எட்டாத இடம் எனக்குத்தான், அவருக்கில்லை.
என்றாலும் எடுக்கமாட்டார்.

பிள்ளை கீழ்வீட்டு சோமலதா அன்ரியின் குசினியில் சாப்பிடுகிறாள்.
வாயைத் துடைத்துக்கொண்டு படியேறி வந்து
"அப்பா, நான் ஒண்டும் சாப்பிடேல்ல" என்கிறாள்.
அவர் அவளின் விரல்களை முகர்ந்து
"பொரிச்ச சூடை" என்கிறார்.
இருவருக்கும் சிரிப்பு.
நான் திரும்பி நின்று தண்ணீர் அளக்கிறேன்.

காலையில் இருநூறு மில்லி. மாலையில் நூறு.
வியாழன் முதல் ஒரு மூடி.
பார்மசியில் நாள் முழுக்க
ஊரார் பிள்ளைகளுக்குப் பாணி மருந்து அளந்த கை,
ஒரு துளி கூடாமல் ஊற்றுகிறது.
உதடு வெடித்தால் வஸ்லின் பூசுவேன்.
அதற்கு மேல் எனக்கு அதிகாரமில்லை.

யூஜின் ராசையா, அறுபத்தாறு கிலோ.
சுவரொட்டியில் "கொட்டாஞ்சேனை இடி."
இந்த இடி
கரப்பான் பறந்தால் கட்டிலில் ஏறும்.
பிள்ளைக்கு முதல் ஊசி போட்ட அன்று
கிளினிக்குக்கு உள்ளே வராமல்
முச்சக்கரவண்டிக்குள் இருந்து அழுதது.

வேறு யாரும் கிடைக்காத நாட்களில்
மொட்டைமாடியில் நான்தான் கைமெத்தை பிடிப்பது.
துறைமுகத்துக் கிரேன்கள் பார்த்துக்கொண்டு நிற்கும்.
இடது, இடது, வலது.
ஒன்று தவறி முழங்கைக்கு மேலே இறங்கியது.

ஞாயிறு பூசையில் சமாதானம் சொல்லிக் கைகொடுத்தபோது
முன் வாங்கில் இருந்தவள் என் கையை விடவில்லை.
நீலத்தைப் பார்த்தாள்.
"ஏதும் உதவி வேணுமெண்டால் எடும் தங்கச்சி."
ஓர் இலக்கத்தை உள்ளங்கையில் மடித்து வைத்தாள்.
நான் கிழித்தெறியவில்லை.
காசுப்பைக்குள் இருக்கிறது.
எடுத்தால் என்ன சொல்வது?
அடிக்கிறார்கள், ஆனால் என்னையல்ல.
அடித்துவிட்டுக் காசும் தருகிறார்கள்,
அந்தக் காசில்தான் பள்ளிக்கூட வான்,
சீட்டு, இந்த வீட்டின் மூன்று மாத வாடகை.

சனி இரவு.
சுகததாச அரங்கு இங்கிருந்து பத்து நிமிடம்.
போவதில்லை.
பிள்ளையை நித்திரையாக்கிவிட்டு
குளியலறையில் உடுப்புத் தோய்க்கிறேன்.
கீழ்வீட்டுப் பொடியன்கள் போனில் பார்க்கிறார்கள்,
சத்தம் தரைவழியே ஏறி வருகிறது.
அவர்கள் கத்தினால், அவர் அடிக்கிறார்.
அவர்கள் அடங்கினால்
தண்ணீர்க் குழாயைப் பூட்டிவிட்டு
சவர்க்கார நுரைக்குள் கையை வைத்தபடி
நானும் அடங்கிப்போகிறேன்.

வென்றார்.
புருவத்தில் ஏழு தையல். நேர்த்தியான தையல்தான்,
நூலும் மெல்லிய நூல்.
இரவு ஒன்றரைக்குக் கதிரையில் ஏறி உப்பை இறக்கினேன்.
சோறு, பருப்பு, சூடைப் பொரியல்.
மூன்று தரம் போட்டுச் சாப்பிட்டார்,
நாலாம் தரம் கோப்பையோடு நித்திரை.

புதன் காலை
"இண்டைக்கு என்ன கிழமை?" என்றார்.
"புதன்."
தேத்தண்ணி ஆறுவதற்குள் மறுபடி
"இண்டைக்கு என்ன கிழமை?"
"புதன்" என்றேன்,
முதல் தரம் சொல்வதுபோல.
குரல் கூடவில்லை, குறையவில்லை.

காஸ் மாற்றிய திகதி எழுதும் கொப்பியின்
கடைசிப் பக்கத்தில் ஒரு கோடு போட்டேன்.
நாலு கோடு ஏற்கெனவே இருக்கிறது,
இரண்டு போன மாதத்தில்.
அவருக்குத் தெரியாது.
தெரிந்தும் இருக்கலாம். கொப்பி வைத்த இடம்
நேற்று ஒருவிரல் நகர்ந்திருந்தது.

வாசலில் குனிந்து
பிள்ளையின் சப்பாத்து நூலைக் கட்டுகிறார்.
வீங்கிய விரலுக்குள் நூல் நழுவுகிறது,
பிடிக்கிறார், நழுவுகிறது.
அவள் காலை நீட்டியபடி
சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.
கட்டத் தெரியும் அவளுக்கு, போன வருடமே பழகிவிட்டாள்.
கீழே வான்காரன் ஹோர்ன் அடிக்கிறான்.
பல்கனிக்கு ஓடிப்போய்
"ரெண்டு நிமிசம்" என்று கத்துகிறேன்.